மேடையில் இரண்டு கொடி

கூட்டாளிகளே, நம் அஞ்சாம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் பத்து நாளாக நடக்கும் சண்டையை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. தினமும் காலை வணக்கமும் பூப்படமும் தவறாமல் அனுப்புகிறவள் இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

நம் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கேரள எல்லையில் பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவிலிருக்கும் நம் ஊரின் சபைக் கல்லறைத் தோட்டத்துக்குப் புது வாசல் கட்டியாயிற்று. அதற்குக் கம்பவுண்டரின் பெயரை வைக்க வேண்டும் என்று வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர் இருந்தது. காலனிக் குடும்பங்களும் நம்மைப் போல அதே சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். ஆனால் செத்தால் அவர்களுக்கு இடம் சுவருக்கு வெளியே. காலனியில் பிறந்த கம்பவுண்டர் அந்தச் சுவரை இடிக்கச் சொல்லிப் பாதி ஆயுளைச் செலவழித்தவர்.

வைக்கக் கூடாது என்கிறவர்கள் இரண்டு ஆதாரம் காட்டுகிறார்கள். ஒன்று பழைய கறுப்பு வெள்ளைப் படம். களியக்காவிளையில் ஒரு தேர்தல் மேடை. கம்பவுண்டரின் தோளில் கதர்க் கட்சிக்காரர் ஒருவர் துண்டு போடுகிறார். இன்னொன்று சபைக் கமிட்டியின் மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு பக்கம். அதை யாரோ போனில் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தீர்கள். மலையாளத்தில் உருண்டை உருண்டையான எழுத்து. மேற்படி நபர் தன்னை ஆதரித்தவர்களுக்கே தெரியாமல் கட்சி மாறிவிட்டார் என்பது நிரூபிக்கப்பட்டதால் அவருடைய மனு தள்ளப்படுகிறது என்று அதில் இருக்கிறது. கடைசி வரியில், கண்ட சாட்சி செயலாளரின் மகள்.

அந்த எழுத்து என் அப்பாவுடையது. செயலாளரின் மகள் நான்தான். அது தெரிந்தவர்கள் உங்களில் மூன்று நான்கு பேராவது இருப்பீர்கள். மரியாதைக்காகப் பேசாமல் இருக்கிறீர்கள் போலும். அந்த மரியாதைதான் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது.

அந்த வருடம் எனக்குப் பத்து வயது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கான பரிசு வருடா வருடம் எனக்கே வரும். உங்களுக்கெல்லாம் அதில் எவ்வளவு வயிற்றெரிச்சல் என்பது எனக்கு அப்போதே தெரியும். "செக்ரட்டரி மகள் பறஞ்சா அச்சடிச்ச மாதிரியாக்கும்" என்று உபதேசியார் எல்லார் முன்னாலும் சொல்லுவார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அந்தப் பேர்தான் பின்னால் வினையாக முடிந்தது.

கம்பவுண்டர் வேலை பார்த்த டிஸ்பென்சரி ஞாபகமிருக்கிறதா? படியேறும்போதே ஸ்பிரிட்டும் லைசாலும் கலந்த வாடை மூக்கில் ஏறும். உள்ளே டாக்டர் எழுதிய சீட்டை ஒரு சிறிய ஜன்னல் வழியாக நீட்டினால், அந்தப் பக்கம் அவர் கைகள் மட்டும் தெரியும். பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்ஸ்சரை நாம் கொண்டுபோன குப்பியில் ஊற்றுவார். பிறகு ஒரு காகிதத் துண்டை நீளவாக்கில் மடித்து, கத்திரியால் ஓரத்தில் சிறு சிறு வெட்டு வெட்டி, விரித்து, பசை தடவிக் குப்பியின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு வெட்டுக்கு ஒரு நேர மருந்து. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது போதும். மிச்சக் காகிதத்தில் எனக்கு ஒரு மீனோ கிளியோ வெட்டித் தருவார். அப்படிப்பட்ட குப்பி ஒன்று இன்றைக்குக் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மை அந்தக் குப்பியின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைப்பாள். காகிதம் நனையாதபடி சுற்றிச் சுற்றித் துடைப்பாள். மருந்து ஒட்டியிருக்கும், எறும்பு வரும் என்பாள். கடைக்காரன் தந்த தேன் குப்பியை அவள் துடைத்து நான் கண்டதில்லை. ஊரில் எல்லாரையும் உறவுமுறை வைத்து மாமன், அண்ணன், சித்தப்பன் என்று கூப்பிட்ட நாம், அவரை மட்டும் கம்பவுண்டர் என்று தொழிலைச் சொல்லியே கூப்பிட்டோம். இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்கு அந்தச் சொல்தான் வருகிறது.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்டுக்கல் சுவர். நம் நெஞ்சு உயரம் இருக்கும். பாசி பிடித்து, இடுக்கில் செடி முளைத்து, பார்க்க அழகாகவே இருக்கும். உள்ளே மேட்டில் நம் ஆட்களின் கல்லறைகள், சிமெண்டும் சிலுவையுமாக. வெளியே நிலம் வயல் பக்கமாகச் சரிந்து கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வடியும். காலனியில் ஒருவர் செத்தால் நம் சபைப் பாடகர் குழு சுவருக்கு உள்ளே மேட்டில் நின்றுகொண்டு பாடும். போதகர் மட்டும் வெளியே போவார். நாமெல்லாம் சுவரை ஒட்டி நின்று, வெளியே இறக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பாடினோம். அதில் ஒன்றும் வித்தியாசமாக நமக்குத் தோன்றவில்லை. சிறுவர் குழுவில் நான் முன்வரிசை.

கம்பவுண்டர் மனு எழுதினார். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. துணிப்பையில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் வரை நடையாய் நடந்தார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் காலனி ஆட்கள் தோட்டத்து வாசலில் போய், வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தார்கள். அம்மையின் அண்ணன், என் மாமன், அப்போது சிவப்புக் கட்சிக்கு நம் ஊரில் தலைவர். அவர் தன் ஆட்களை அனுப்பி அவர்களுக்குப் பின்னால் நிற்க வைத்தார். தேர்தல் நேரம். உதியன்குளங்கரைச் சந்திப்பில் மாமன் மைக்கைப் பிடித்து, "சுவரு விழும், விழாம நாங்க விடமாட்டோம்" என்று முழங்கினார். நான் கைதட்டினேன். அப்பா மட்டும் யார் கேட்டாலும் ஒரே பதில் வைத்திருந்தார். "எனக்கு எதிர்ப்பு ஒண்ணும் இல்லை. எல்லாரும் ஒத்துக்கிட்டாப் போதும்."

கமிட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவெடுப்பதாக ஏற்பாடு. ஆட்கள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. அப்பா எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அப்பா அந்த வாரம் சரியாகத் தூங்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. சுவருக்கு உள்ளே கல்லறை வைத்திருந்த பெரிய குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயின.

அந்த வெள்ளிக்கிழமை அம்மை என்னைத் துணி எடுக்கக் களியக்காவிளைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடம் அடைத்திருந்த நேரம். அந்தப் பக்கம் தமிழ்நாடு. நமக்கு அது சந்தைக்குப் போகிற தூரம்தான். ஆனால் கட்சிக்காரர்களுக்கு அது வேறு உலகம். இந்தப் பக்கம் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காத சிவப்பும் கதரும் அந்தத் தேர்தலில் அந்தப் பக்கம் கூட்டணி. இங்கே அடிதடி, அங்கே ஒரே மேடையில் ஒட்டி உட்காருவார்கள். எல்லைக்காரர்களான நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மாமனே முந்தின வாரம் அந்தப் பக்கம் போய் கதர்க்காரர்களின் ஜீப்பில் நின்று பேசிவிட்டு, தொண்டை கட்டி வந்து எங்கள் வீட்டில்தான் சுக்குக் காப்பி குடித்தார்.

சந்தைக்கு வெளியே மேடை போட்டிருந்தார்கள். அம்மை வறுத்த கப்பலண்டிக் கடலை வாங்கித் தந்தாள். காகிதப் பொட்டலம் கையில் சுட்டது. நான் கூட்டத்தில் நுழைந்து முன்னால் போய்விட்டேன். மேடையில் கம்பவுண்டர்! சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு கதர்க்கட்சி வக்கீல். கம்பவுண்டரை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். "எங்க ஆளுகள் செத்த பொறவும் சுவருக்கு வெளியதான் கெடக்கினும்" என்று சொன்னார். அதற்கு மேல் பேச வரவில்லை. வக்கீல் எழும்பி அவர் தோளில் கரைபோட்ட துண்டைப் போட்டார். கம்பவுண்டர் என்னைப் பார்த்துவிட்டார். நான் பொட்டலத்தோடு கையை ஆட்டினேன். அவர் சிரித்தார்.

மேடையின் மேல் மூங்கில். மூங்கிலில் இரண்டு கொடி. சிவப்பு ஒன்று, கதர்க்கட்சியினுடையது ஒன்று. சிவப்புக் கொடி காற்றில் சுற்றிக்கொண்டதும் ஒரு ஆள் கம்பால் அதைத் தட்டிவிட்டான். இதை நான் இன்றைக்கும் கண்ணை மூடாமலே பார்க்கிறேன். குழுவில் வந்த படத்தில் மேடையின் மேல்பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது. கொடி தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் மாமனும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய செய்தி கொண்டுவந்த பெருமையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"கம்பவுண்டரு மேடையில இருந்தாரு! கதர்க்காரரு அவருக்குத் துண்டு போட்டாரு!"

மாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உள்ளதா? கதர்க்காரன் துண்டா?"

"ஓ! நான் கண்டேன்."

"நம்ம கொடியும் உண்டா?"

"உண்டு. ஒரே மூங்கில்ல ரெண்டு கொடி."

மாமன் அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமனைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிய எத்தனையோ வருடம் ஆயிற்று. இரண்டு கொடி என்றால் அது கூட்டணி மேடை, கம்பவுண்டர் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. ஒரு கொடி என்றால் அது கதர்க்காரர்களின் சொந்த மேடை, ஆள் கட்சி மாறிவிட்டார் என்று கைகழுவலாம். சுவர் விஷயத்தில் கை வைத்ததால் பெரிய குடும்பங்களின் ஓட்டுப் போய்விடும் என்று மாமனின் கட்சிக்காரர்களே அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கோ கை தூக்காமல் தப்ப ஒரு காரணம் வேண்டும். இரண்டு பேருக்கும் வேண்டியதை நான் கப்பலண்டியோடு சேர்த்துக் கொண்டுவந்திருந்தேன்.

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நல்லா யோசிச்சுப் பறையணும் மக்கா. நல்ல வெயிலு. கண்ணு கூசியிருக்கும். ரெண்டு கொடியா கண்டே?"

"ரெண்டுதான் அப்பா."

"ரெண்டாவது வேற ஏதும் துணியா இருக்குமோ?"

அம்மை வாசல்படியில் துணிப் பொதியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளும் கண்டவள்தான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அப்பா மூன்றாவது தடவை கேட்டார். குரலில் கோபமே இல்லை. எனக்கு என்ன பதில் வேண்டியிருக்கிறது என்று பரிசு வாங்குகிற பிள்ளைக்குத் தெரியாதா?

"ஒண்ணுதான்" என்றேன்.

அப்பா என் தலையைத் தடவினார். கூட்டாளிகளே, என் அப்பா தொட்டுப் பேசுகிற ஆளில்லை. அதற்கு முன்னால் அவர் என் தலையைத் தடவியதாக ஞாபகமே இல்லை. அந்த ஒரு தடவலுக்குத்தான் நான் அதைச் சொன்னேன். பயந்து சொன்னேன், குழந்தைக்கு என்ன தெரியும் என்றெல்லாம் பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தாயிற்று. எனக்கு நன்றாகத் தெரியும். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலயத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில் கமிட்டி கூடியது. நீள மேசை, நடுவில் போதகர், ஓரத்தில் மினிட்ஸ் புத்தகத்தோடு அப்பா. சபை அங்கத்தினர் என்ற முறையில் மாமனும் இருந்தார். காலனி ஆட்கள் வெளியே வராந்தாவில். மாமன் எழும்பி, கம்பவுண்டர் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார், இனி எங்கள் ஆட்கள் அவர் பின்னால் நிற்கமாட்டார்கள் என்றார்.

கம்பவுண்டர் மறைக்கவில்லை. "துண்டு போட்டது உள்ளதாக்கும். நான் போய்த்தான் கேட்டேன். உங்களட்டயும் கேட்டேன், அவியளட்டயும் கேட்டேன். அந்த வக்கீலு நமக்கு வேண்டி கோர்ட்டுல பேசுவேன்னு பறஞ்சாரு. சுவர இடிக்க வாறவன் எந்தத் துண்டு போட்டா எனக்கு என்ன? ஆனா நான் கட்சி மாறல்ல. அது கூட்டணி மேடையாக்கும். ரெண்டு கொடியும் உண்டு."

காலனியிலிருந்து அவரோடு போன இரண்டு பேர் வராந்தாவிலிருந்து, "நாங்களும் கண்டோம்" என்றார்கள். "அவியெல்லாம் இவருக்க ஆளுகள்" என்று மேசையிலிருந்து ஒருவர் சொன்னார். அதோடு அவர்கள் பேச்சு முடிந்தது.

அப்போதுதான் கம்பவுண்டர் அதைச் சொன்னார். "செக்ரட்டரி சாருக்க மகளும் அங்க உண்டு. முன்னால நின்னு எனக்குக் கை காட்டிச்சு. அந்தப் பிள்ளைட்ட கேளுங்க. அது பொய் பறையாது."

என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டது அவர்தான். மினிட்ஸ் புத்தகத்தில் அது இல்லை. அப்பா அதை எழுதவில்லை.

ஞாயிறு பள்ளியிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், போதகர் கூப்பிட்டதும் பரிசு வாங்கப் போகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு எழும்பி நின்றேன். வராந்தாவில் கம்பவுண்டரின் மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்களுக்கு அவளைத் தெரியும். நம் வகுப்பில் ஜன்னலோரம் உட்காருவாளே, அவள்தான்.

"எத்தனை கொடி கண்டே மக்கா?" என்று கேட்டார் போதகர்.

"ஒண்ணு."

"எந்தக் கொடி?"

"கதர்க்காரருக்க கொடி."

அச்சடித்த மாதிரி சொன்னேன். கம்பவுண்டர் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுதிக்கொண்டிருந்தார். கம்பவுண்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. வராந்தாவில் இரைச்சல் எழும்பியது. "சின்னப் பிள்ளைய வச்சு என்ன வெளையாட்டுக் காட்டுறீங்க?" என்று ஒருவர் உள்ளே பாய வந்தார். கம்பவுண்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"எலே, நில்லு. பிள்ளைய ஒண்ணும் பறையப்பிடாது. விட்டுரு. அது வீட்டுக்குப் போட்டும்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இந்த வயதில் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அப்பா கை தூக்க வேண்டிய தேவையே வரவில்லை. மனு தள்ளப்பட்டது. அடுத்த ஞாயிறு தோட்டத்து வாசலில் சிவப்புச் சட்டைக்காரர்கள் யாரும் இல்லை. காலனி ஆட்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு அவர்களிலும் பாதிப் பேர்.

ஜூன் பிறந்ததும் இடவப்பாதி மழை தொடங்கியது. கம்பவுண்டரின் மனைவி நெடுநாளாகப் படுக்கையில் இருந்தவர். அந்த மழையில் போய்விட்டார். சுவருக்கு வெளியே குழி வெட்ட வெட்ட ஊற்று பொங்கியது. நாலு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பெட்டியை இறக்கியதும் அது ஒரு பக்கமாக மிதந்து சாய்ந்தது. ஒருவர் குழிக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தார். அது கம்பவுண்டர்தான். நாங்கள் உள்ளே மேட்டில் குடை பிடித்துக்கொண்டு பாடினோம். அவர் மகள் வெளியே நனைந்துகொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கையை நீட்டியிருந்தால் தொட்டிருக்கலாம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ராகம் தவறாமல் பாடினேன்.

சில நாள் கழித்து எனக்குக் கடுமையான காய்ச்சல். அப்பா டிஸ்பென்சரிக்குப் போய்வர வெட்கப்பட்டு, குப்பியை வேலைக்கார அக்காளிடம் கொடுத்துவிட்டார். மிக்ஸ்சர் வந்தது. காகிதத்தின் வெட்டுகள் எப்போதும் போல ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தன. மருந்துச் சீட்டின் மடிப்பில் சொருகி ஒரு காகிதக் கிளியும் இருந்தது. அம்மை அந்தக் குப்பியைக் கையில் வாங்கினாள். துடைக்கவில்லை. நேரே கரண்டியில் ஊற்றித் தந்தாள். அதற்குப் பிறகு எந்தக் குப்பியையும் அவள் துடைத்து நான் பார்க்கவில்லை. இது பற்றி ஒரு நாளும் பேசியதுமில்லை.

இனி நீங்கள் குழுவில் எழுதியவற்றுக்கு வருகிறேன். அவர் கதர்க்கட்சியில் சேர்ந்தது உண்மை. ஆனால் எப்போது? நம் கமிட்டி அவரை மாறியவர் என்று எழுதிவைத்ததற்கு அடுத்த வருடம். வேறு யாரும் அவரை உள்ளே விடவில்லை. அந்தக் கட்சியில் பஞ்சாயத்து மெம்பர் வரை ஆனார். அந்தக் கட்சிக்காரர் ஒருவர் காலனிக்குப் போகும் வழியை வளைத்து வேலி போட்டபோது அவர் வாய் திறக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். அதுவும் உண்மை. காலனியிலேயே அவருக்கு முகம் கொடுக்காதவர்கள் உண்டு. அவரைப் புனிதராக்க நான் வரவில்லை.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்கு மேடையில் துண்டு போட்ட அதே வக்கீல் வழக்கைக் கடைசிவரை நடத்தினார். ஜெயிக்க நாம் கல்யாணமாகிப் பிள்ளை பெறும் காலம் வரை ஆயிற்று. சுவரைக் கம்பிப்பாரையால் நெம்பி இடித்த அன்று கமிட்டி கம்பவுண்டரைக் கூப்பிடவில்லை. துணிப்பையோடு ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். நாம் துரோகம் என்று பெயர் வைத்த அந்த மேடைதான் சுவரை இடித்தது. சுவர் விழும் என்று மைக்கில் முழங்கிய என் மாமனோ, இரண்டு வரியை ஒழுங்காக எழுதிவைத்த என் அப்பாவோ இடிக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் உள்ளே மேட்டில் பளிங்குக் கல்லுக்குக் கீழே இருக்கிறார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, பொய் சொன்ன பிள்ளைகளை வெளியே நிற்க வைத்து, பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் கம்பவுண்டரின் மகளைப் பார்க்கக் காரக்கோணம் போனேன். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று அங்கே குடியிருக்கிறாள். நம் குழுவில் அவள் இல்லை என்பது பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அஞ்சாம் வகுப்பில் மொத்தப் பேரையும் தேடிப் பிடித்தோம், துபாயில் இருப்பவனைக்கூட விடவில்லை. அவளைத் தேட ஒருவருக்கும் தோன்றவில்லை.

கதவைத் திறந்தவள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உட்காரச் சொன்னாள். சாயா போட்டுத் தந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பாக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் கடைசியில். "அந்தப் பிள்ளைய நான்தான் நடுவுல கொண்டு நிறுத்தினேன், எனக்க தப்பாக்கும்னு அப்பா பறையும்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்பா செஞ்சது எல்லாம் செரின்னு நான் பறையமாட்டேன். அந்த வழி விசயத்துல வாயை மூடிட்டு இருந்தது தப்புதான். அதுக்கு நானே அப்பாட்ட ஒரு வருசம் முகம் பாத்து மிண்டாம இருந்தேன். ஆனா பிள்ளே, அவர அங்கோட்டுத் தள்ளினது யாரு?"

"நாங்கதான்" என்றேன். "மன்னிச்சுரு."

"நீ மன்னிப்புக் கேட்டு இப்பம் எனக்க அம்மைக்கு என்ன?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

நான் மினிட்ஸ் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். சாட்சி பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கமிட்டிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"எழுதித் தர வேண்டாம். எழுதினா அவியள் எடுத்து அலமாரில வச்சிருவினும். அன்னைக்கு நீ எழும்பி நின்னு பறஞ்சே. எனக்க அப்பா கேக்கப் பறஞ்சே, நான் கேக்கப் பறஞ்சே. அதுபோல எழும்பி நின்னு பறை. நான் வாறேன்."

கிளம்பும்போது, உன்னையும் குழுவில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "இப்பமா?" என்றாள்.

போன ஞாயிறு ஆலயத்துக்கு வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அறிவிப்பு நேரத்தில் போதகர் வாசல் பெயர் விஷயத்தைச் சொல்லி, யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். நான் எழும்பினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்களில் ஆறேழு பேர் அங்கே இருந்தீர்கள். பக்கத்தில் சுவரில் அப்பா பெயர் பொறித்த கல். நன்கொடை கொடுத்தவர்கள் வரிசையில் மூன்றாவது பெயர். "கண்ணாடியை மறந்துட்டேன், பாட்டு நம்பர் தெரியல" என்று ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளை சிரித்துக்கொண்டே பாட்டுப் புத்தகத்தைத் திறந்து தந்தாள். திரும்பிப் பார்த்தபோது கடைசி பெஞ்சில் அவள் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இது சாட்சியில்லை. அவள் கேட்டது இதை அல்ல. இது உங்களிடம் வைக்கும் வேண்டுகோள். வருகிற ஞாயிறு வாசல் பெயரை முடிவு செய்கிறார்கள். தயவுசெய்து எல்லாரும் வாருங்கள். இனி அவளைக் கூப்பிட எனக்கு முகமில்லை. உங்களில் இரண்டு பேர் காரக்கோணம் போய் அவளைக் கையோடு கூட்டி வாருங்கள், முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள். என் இரண்டு பக்கமும் நீங்கள் உட்காருங்கள். போதகர் கேட்கும்போது நான் எழும்பாவிட்டால் என் கையைப் பிடித்துத் தூக்கிவிடுங்கள். பாட்டு நம்பர் அது இதென்று பேச்சை மாற்றினால் விடாதீர்கள். அன்றைக்குக் கேட்ட மாதிரியே, எத்தனை கொடி கண்டாய் என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு தடவை கேட்டால் போதாது. மூன்று தடவையாவது கேளுங்கள்.